ஒற்றைப்படை வருஷங்கள்

பர்னி, தாஸ்மேனியா
19 ஜனவரி 1998

நோலீன்,

பங்குப் பத்திரம் இத்துடன் இருக்கிறது. இரட்டைப்படை வருஷம், உன் முறை. கப்பல் கம்பெனியின் சிட்னி ஆபீசுக்கு ஒரு நகலைப் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே அனுப்பிவிடு. போன தடவை கடைசி நாளில் அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்ததாக நீயே எழுதியிருந்தாய்.

கூடவே ஒரு படிவம் வைத்திருக்கிறேன். என் பெயரை எடுத்துவிட்டு நூறு பங்கையும் உன் பெயருக்கே மாற்றுவதற்கு. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கீழே உன் கையெழுத்து போதும். எனக்கு எதுவும் தர வேண்டாம். காதில் ஏதோ கோளாறு, தலை சுற்றுகிறது. கடல் எனக்கு இனி ஒத்துவராது.

போன வருஷப் பயணத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

மெர்வின்


ஸ்டாக்டன், நியூகாசில்
2 பிப்ரவரி 1998

மெர்வின்,

எழுத ஒன்றும் இல்லை என்பதை எழுதுவதற்கு ஒரு கடிதம். பலே.

ஜனவரியில் உன் உறை கனமாக வரும். பத்திரத்தோடு பத்துப் பன்னிரண்டு பக்கம் இருக்கும். மருந்துக்கடை வேலை முடிந்து வீடுவரை கொண்டுபோகப் பொறுமையில்லாமல் ஸ்டாக்டன் படகிலேயே படித்துவிடுவேன். இறங்க மறந்து இரண்டு தடவை அக்கரைக்கே திரும்பிப் போயிருக்கிறேன். இந்த முறை மெல்லிசாக வந்த உறையை மருந்துக்கடை வாசலிலேயே பிரித்துவிட்டேன்.

உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. விவாகரத்தின்போது வீடு, கார், நாய், கத்தி, கரண்டி எல்லாம் பிரிந்தன. வக்கீல் கடைசியாக, “இந்தக் கப்பல் பங்கு நூறையும் ஆளுக்கு அம்பதாப் பிரிச்சுரலாமா?” என்று கேட்டார். அன்று முழுவதும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த நீ அப்போது திறந்தாய். “நூறு இருந்தாத்தான் கப்பல்ல செலவுக்கு நூத்தம்பது டாலர் தருவான். அம்பது வெச்சிருந்தா வெறும் காகிதம். ரெண்டு பேர் பேர்லயும் அப்படியே கிடக்கட்டும். ஒரு வருஷம் அவ போகட்டும், ஒரு வருஷம் நான் போறேன்” என்றாய். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் நீ பேசிய மிக நீளமான பேச்சு அது.

அன்றிலிருந்து பத்து வருஷமாக இந்தப் பத்திரம் ஜனவரியில் கடல் தாண்டிப் போய் வருகிறது. போய் வந்தவர் பார்த்ததெல்லாம் அதே உறையில் கூடவே போகிறது. அதைத் தவிர நமக்குள் போன் கிடையாது, கிறிஸ்துமஸ் வாழ்த்துகூடக் கிடையாது. வீட்டில் வாயில் கொழுக்கட்டையோடு திரிந்த மனுஷனா இப்படி எழுதுகிறான் என்று ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். பொறாமையாகவும் இருக்கும்.

தனியாகப் போகிறவளிடம் அறைக்கு இரண்டு பேர் கட்டணத்தைப் பிடுங்குகிறார்கள். பிறகு பங்குதாரர் சலுகை என்று கொஞ்சம் திருப்பித் தருகிறார்கள். வாளி நிறைய எடுத்துக்கொண்டு ஒரு கரண்டி ஊற்றுகிறார்கள் என்று நீதான் எழுதினாய். அந்தக் கரண்டிக்காகவா நான் ஓடி ஓடிப் போகிறேன்?

பத்திரம் என் பெயருக்கே வந்துவிட்டால் அதை நான் யாருக்கு அனுப்புவேன்? நீ எனக்கு எதற்கு எழுதுவாய்? அந்தப் போக்குவரத்து நிற்க வேண்டும் என்பதுதான் உன் எண்ணம் என்றால் நேராகச் சொல். காதின் மேல் பழியைப் போடாதே.

கையெழுத்துப் போடவில்லை. மே 2 புறப்படுகிறேன்.

நோலீன்


பர்னி
18 பிப்ரவரி 1998

நோலீன்,

கோபப்படாதே. ஒரு காகித விஷயம், அவ்வளவுதான்.

இங்கே காலையில் பனிமூட்டம். மரச்சில்லு ஏற்ற வந்த கப்பல் ஒன்று அலைதடுப்புச் சுவருக்கு அப்பால் நிற்கிறது. உடம்பு தெரியவில்லை, புகைபோக்கி மட்டும் ஆகாயத்தில் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே உனக்குப் பாதிக் கடிதம் எழுதினேன். பிறகு கிழித்துவிட்டேன். முன்பெல்லாம் தானாக வரும். இப்போது வரவில்லை. இதற்கு மேல் கேட்காதே.

நல்லபடியாகப் போய் வா. திரும்பும்போது ஆக்லாந்துக்குப் பிறகு குளிரும், கம்பளிச் சட்டை எடுத்துக்கொள். வந்ததும் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

மெர்வின்


அராஃபுரா ராணி கப்பல்
நூமியாவுக்கு அரை நாள் முன்னால்
5 மே 1998

மெர்வின்,

வழியிலிருந்து நான் உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. ஜனவரிவரை பொறுக்க முடியாது. பொறுத்தால் நெஞ்சு வெடித்துவிடும்.

பத்துப் பயணம் முடித்த பங்குதாரர்களுக்குக் கேப்டன் மேஜையில் ஒரு விருந்து உண்டு. உன் ஐந்தையும் என் ஐந்தையும் கூட்டினால் பத்து. நேற்றுக் காலை நல்ல கவுனைப் போட்டுக்கொண்டு, பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வரவேற்பு மேஜைக்குப் போனேன். லித்தியா என்று ஒரு ஃபிஜிப் பெண். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, “அஞ்சுதான் காட்டுது மேடம்” என்றாள்.

“அது என் அஞ்சு. என் முன்னாள் வீட்டுக்காரர் போன அஞ்சு எங்கே?”

“எண்பத்தெட்டு, தொண்ணூறு, தொண்ணூத்தி ரெண்டு, நாலு, ஆறு. ஒத்தைப்படை வருஷத்துல சலுகையை யாருமே வாங்கலையே.”

“உங்க கம்ப்யூட்டர் தூங்குதா என்ன?”

“அது தூங்கலை மேடம். கப்பல்ல வராதவங்க பேரை அது எப்படிக் காட்டும்?”

எனக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசையில். என் சாப்பாட்டு மேஜைக்காரி டோரீன், டூவூம்பாவிலிருந்து வந்த விதவை, என் முழங்கையைப் பிடித்து இழுக்கிறாள். “விட்டுத் தொலை நோலீன். கேப்டன் மேஜையில மட்டும் தேவாமிர்தமா ஊத்தப் போறாங்க? அதே மட்டன்தான்.” நான் விடவில்லை. இன்னொரு தடவை பார் என்றேன். அந்தப் பெண்ணும் பாவம், பழைய பதிவுகளையெல்லாம் தோண்டிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: “எண்பத்தொன்பதுல ஒரு குறிப்பு இருக்கு. கப்பல்ல ஏறியிருக்கார். கிளம்புறதுக்கு முன்னாடியே இறங்கிட்டார். அதுக்கப்புறம் டிக்கெட்டே வாங்கலை.”

அத்தனை பேர் முன்னால் மூக்கறுபட்டு நின்றேன்.

அப்படியென்றால் அந்த டச்சுக் கிழவர்? விடிகிற நேரம் பின்தளத்தில் நின்று மௌத் ஆர்கன் வாசிக்கிறவர், அவர் வாசித்தால் வெள்ளைப் பறவைகள் கூச்சல் போடாமல் கூடவே பறக்கும் என்று எழுதினாயே? அப்பியாவில் மழை பெய்துகொண்டே வெயில் அடித்ததே? நாலு கடிதம், நாற்பத்தாறு பக்கம். என் காதில் முழம் முழமாகப் பூச் சுற்றியிருக்கிறாய். பொய்யா மெர்வின்? எல்லாமே பொய்யா? பத்து வருஷமாக நான் யாருடைய கடிதத்தைப் படித்தேன்?

பதிலை ஆக்லாந்து துறைமுக ஏஜென்டுக்கு எழுது. பத்தொன்பதாம் தேதி அங்கே இருப்பேன். எழுதாவிட்டால் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவேன். நிஜமாகவே போட்டுவிடுவேன்.

நோலீன்


அராஃபுரா ராணி, சுவா துறைமுகம்
9 மே 1998

மெர்வின்,

கோபம் இரண்டு நாள் தாக்குப்பிடித்தது. மூன்றாம் நாள் கடல் பால் நிறத்தில் அசையாமல் கிடந்தது. கப்பல் நகர்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியவில்லை. மத்தியானம் முழுக்கத் தளத்து நாற்காலியில் அரைத்தூக்கமாகக் கிடந்தேன். பக்கத்து நாற்காலி காலி. அதில் என் துண்டைப் போட்டு வைத்திருந்தேன். யாராவது வந்து உட்காரப் போனால், “ஆள் வருது” என்று சொல்லிவிடுவேன். ஒவ்வொரு பயணத்திலும் இப்படித்தான் சொல்கிறேன். ஏன் என்று என்னையே நான் கேட்டுக்கொண்டதில்லை.

ஒன்று சொல்லாவிட்டால் நான் பெரிய யோக்கியை ஆகிவிடுவேன். தொண்ணூறாம் வருஷப் பயணத்தில் உன் டச்சுக்காரரைப் பார்த்தேன் என்று எழுதினேன் அல்லவா, பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பேன்? பதினெட்டு நாள் விடியற்காலை எழுந்து பின்தளத்துக்குப் போய் நின்றேன். தண்ணீர் அடிக்கிற ஆட்களைத் தவிர ஒருவரும் இல்லை. உனக்கு அத்தனையும் தெரிகிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அதனால் பார்த்தேன் என்று எழுதிவிட்டேன். நீ அடுத்த தடவை அவருக்குத் தொப்பி வாங்கிக் கொடுத்தாய். நான் அதற்கடுத்த தடவை அவர் உன்னை விசாரித்ததாக எழுதினேன். அவர் எனக்குக் கொய்யாப் பழம் கொடுத்தார் என்றுகூட எழுதினேன். தொண்ணூற்றைந்தில் நீ அவருக்கு ஒரு சமோவா விதவையைக் கட்டிவைத்து அப்பியாவில் இறக்கிவிட்டாய். சொன்னால் சிரிப்பாய், அதைப் படித்துவிட்டுப் படகில் அழுதேன்.

இன்னொன்று. பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருப்பதால் என் அறைக் கதவில் ‘திரு, திருமதி பாஸ்கோ’ என்று அட்டை மாட்டுகிறார்கள். முதல் வருஷமே எடுக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு தலையணை, இரண்டு குவளை, எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன். காலையில் கண் விழிக்கும்போது அறை மெதுவாக ஆடும். ஒரு நிமிஷம் நாம் இன்னும் பிரியவில்லை என்று தோன்றும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இரண்டு பேர் கட்டணம் கட்டுகிறேன் போலிருக்கிறது.

இதைத் தபாலில் போடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. டோரீனிடம் கொடுத்துப் போடச் சொல்கிறேன். நான் போனால் திரும்பக் கொண்டுவந்துவிடுவேன்.

நோ.


பர்னி
13 மே 1998

நோலீன்,

உன் நூமியாக் கடிதம் நேற்று வந்தது. பூசி மெழுகப் போவதில்லை.

எண்பத்தொன்பதில் நிஜமாகவே கிளம்பினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிட்னி வரை வந்து கப்பலில் ஏறினேன். பணியாள் அறையைக் காட்டினான். கதவில் நம் இரண்டு பேர் பெயரும் இருந்தன. “மேடம் பின்னாடி வர்றாங்களா சார்?” என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அந்த அறையில் உட்கார முடியவில்லை. நீ வருவாய் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கும் எனக்கும் பேச்சே இல்லாத காலம் அது. ஏணியை எடுப்பதற்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பெட்டியோடு இறங்கிவிட்டேன். துறையில் நின்று அது போவதைப் பார்த்தேன். தளத்தில் நின்றவர்கள் வழியனுப்ப வந்தவர்களை நோக்கிக் காகித நாடாக்களை வீசினார்கள், கப்பல் நகர்ந்ததும் அறுந்து தண்ணீரில் விழுந்தன.

ஜனவரியில் பத்திரத்தை அனுப்ப வேண்டும். கூட என்ன எழுதுவது? வெட்கக்கேட்டை எழுத முடியவில்லை. சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. டீயை ஆற்றியபடி கண்ணை மூடினால் மேஜை லேசாக மிதப்பதுபோல இருந்தது. எழுதத் தொடங்கினேன். நாலு நாள் ஆலைக்கு லீவு போட்டுவிட்டு எழுதினேன். அந்த நாலு நாளும் நான் கப்பலில்தான் இருந்தேன் நோலீன். தண்ணீரின் நிறம் மாறுவதைப் பார்த்தேன். உன்னோடு நிறையப் பேசினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அடுத்த ஜனவரியில் உன் கடிதம் வந்தது, டச்சுக்காரரைப் பார்த்தேன் என்று. அடுப்பங்கரையில் நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். நான் உண்டாக்கிய ஆளை நீ எப்படிப் பார்த்தாய்? இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார், அது நான் என்று எனக்குத் தெரியும். நீ எதற்குச் சொல்ல வேண்டும்? யோசித்து யோசித்து ஒரு காரணம்தான் கிடைத்தது. என் கடிதம் தொடர்ந்து வர வேண்டும் என்று நீ ஆசைப்படுகிறாய். அதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை.

பிறகு ஏன் நிறுத்தினேன் என்று கேட்பாய். போன வருஷம் நீ எழுதியிருந்தாய்: ‘ஆளுக்கொரு வருஷம் போய் ஒரே ஆளைப் பார்த்துவிட்டு வருகிறோம். ஒரே வருஷத்தில் போனால் என்ன? இரண்டு பேர் ஒரே அறையில் போனாலும் அதே சலுகைதான், கட்டணமும் கிட்டத்தட்ட அதேதான்.’ ஏதோ லாப நஷ்டம் பேசுவதுபோல எழுதியிருந்தாய். சேர்ந்து போனால் டச்சுக்காரர் இருக்க மாட்டார். பறவைகள் சும்மா கத்தும். நான் மட்டும் இருப்பேன். மேஜைக்கு எதிரே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த அதே ஆள். அவனை விட்டுத்தானே நீ போனாய்? கடிதம் எழுதுகிறவனை நம்பி வந்து இவனைப் பார்த்து நீ இன்னொரு தடவை ஏமாந்துபோவதை என்னால் தாங்க முடியாது.

காதுக்கு ஒன்றும் இல்லை. நன்றாகவே கேட்கிறது.

மெர்வின்


ஸ்டாக்டன்
25 மே 1998

பொய்யனுக்கு,

ஆக்லாந்தில் மழை. எல்லோரும் இறங்கி ஊர் சுற்றப் போனார்கள். நான் உன் கடிதத்தோடு கண்ணாடி அடைத்த தளத்தில் உட்கார்ந்துகொண்டேன். மூன்று தடவை படித்து முடிப்பதற்குள் டோரீன் திரும்பி வந்துவிட்டாள்.

“யாரு எழுதினது?”

“ஒரு பொய்யன்.”

“அப்படின்னா நல்லாத்தான் இருக்கும். சத்தமாப் படி.”

படித்துக் காட்டவில்லை. அது எனக்கு வந்த கடிதம்.

இந்நேரம் என் சுவாக் கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும். ஒரே அட்டையைப் பார்த்து நீ இறங்கி ஓடியிருக்கிறாய், நான் அதை வைத்துக்கொண்டு பத்து வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். நம்மை விட அசடுகள் இந்தத் தென்கடலில் இருப்பார்களா?

உன்னை நான் எதற்காக விட்டுப் போனேன் என்பதை நீ தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறாய். நீ பேசவில்லை என்பதற்காக இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லை, அதனால்தான் பேசவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். முதல் கடிதம் வந்தபோதே அது தப்பு என்று தெரிந்துவிட்டது. அப்போது என்னால் சொல்ல முடியவில்லை. அதற்குள் வீட்டையும் நாயையும் பிரித்துக்கொண்டாகிவிட்டது.

சேர்ந்து போகலாம் என்று இப்போது சொல்ல மாட்டேன். ஒரு தடவை சொல்லித்தானே உன்னைப் பயமுறுத்தினேன்? ஆனால் படிவத்தைக் கிழித்துவிட்டேன். பத்திரம் இத்துடன் வருகிறது. ஜனவரிவரை வைத்திருக்கவில்லை. அடுத்தது ஒற்றைப்படை வருஷம். நீ போக வேண்டும், தனியாக. ஒரு தனி ஆளுக்கு என்னென்ன உண்டோ அத்தனையையும் நீ அனுபவிக்க வேண்டும். இரண்டு பேர் கட்டணம் கட்டி வயிறெரிய வேண்டும். முன்பின் தெரியாத ஐந்து பேரோடு மேஜையில் உட்கார வேண்டும். சலுகைப் பணத்தில் மிச்சம் திரும்பி வராது என்று கடைசி நாளில் கப்பல் கடையில் முட்டிமோத வேண்டும். நான் இந்தத் தடவை இருபத்தேழு டாலருக்கு இஞ்சி மிட்டாய் வாங்கினேன். குமட்டலுக்கு நல்லது. உனக்குப் பார்சலில் வருகிறது.

போகாவிட்டால் எழுதாதே. சமையலறையிலிருந்து வரும் கடல் எனக்கு இனி வேண்டாம், அது எவ்வளவு அழகாக இருந்தாலும். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. ஒரு வேளை நீ போகவே மாட்டாய். அப்படியானால் இதுவே கடைசிக் கடிதமாகிவிடும். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நோலீன்


அராஃபுரா ராணி, சிட்னி துறைமுகம்
6 மார்ச் 1999

நோலீன்,

மணி ஐந்தே கால். ஏணியை எடுத்துவிட்டார்கள். நான் கப்பலில்தான் இருக்கிறேன்.

ஒன்பது மாதம் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். ஏறுவேனா என்று எனக்கே தெரியவில்லை. தெரியாததை எழுதக் கூடாது என்று இருந்தேன்.

அறை சின்னது. ஜன்னலில் உப்புப் படிந்திருக்கிறது. பத்திரத்தைக் காட்டிச் சலுகையை எழுதி வாங்கினேன். கையெழுத்து கோணலாகப் போய்விட்டது. சாப்பாட்டு மேஜையில் ஐந்து பேர். ஒருவர் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஏனோ ஓயாமல் வடிகால் குழாயைப் பற்றிப் பேசுகிறார். அவர் மனைவி என்னிடம், “தனியாவா வந்திருக்கீங்க?” என்று கேட்டாள். “ஆமா. மனைவி அடுத்த வருஷம் வருவா” என்றேன். இனிப் பொய்யே சொல்வதில்லை என்று ஏறினேன். ஒரு மணி நேரத்துக்குள் உன்னை மனைவி என்று சொல்லிவிட்டேன். மற்றதெல்லாம் உண்மைதான், அது உன் வருஷம்தானே.

கடலைப் பார்க்கிறேன். சாம்பல் நிறமாக இருக்கிறது. நிறைய இருக்கிறது. வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அரை மணி நேரமாக இந்த மூன்று வரியோடு உட்கார்ந்திருக்கிறேன். பர்னியில் இருந்திருந்தால் இந்நேரம் நாலு பக்கம் போயிருக்கும்.

இனி என் கடிதங்கள் அவ்வளவு நன்றாக இருக்காது நோலீன். நடந்தது மட்டும்தான் இருக்கும். அதுவும் கொஞ்சம்தான் இருக்கும்.

படிப்பாயா?

மெர்வின்